பழம்பொருளும் பழைய வீடும்: வாசகர் கேள்விகள்

நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். கல்லூரிகளும் பள்ளிகளும் கண்காட்சிக்குத் தயாராகும் நேரம் இது. சேலம், ஏற்காடு, ஆத்தூர் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளில், பலருக்கும் உதவக்கூடிய சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எங்கள் கல்லூரி வரலாற்றுத் துறை பீரோவில் கற்கோடரிகள், தாழி ஓடுகள், செப்புக் காசுகள், ஒரு கட்டு ஓலைச்சுவடி என 150 பொருள்களாவது இருக்கும். அருங்காட்சியகத்துக்கு ஓர் அறை தருவதாக முதல்வர் சொல்லிவிட்டார். கண்ணாடிப் பேழைகளுக்கு இப்போதே ஆர்டர் கொடுத்துவிடலாமா?
*உதவிப் பேராசிரியர், சேலம்*

இப்போது வேண்டாம். பேழை கடைசி வேலை. முதல் வேலை பதிவேடு. எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது என்ற குறிப்பு இல்லாத கற்கோடரி வெறும் கல்தான். அந்தக் குறிப்புகள் பெரும்பாலும் எழுத்தில் இருக்காது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் நினைவில் இருக்கும். அவர்களை அழைத்து உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள். அறைக்குப் பெயிண்ட் அடிப்பதைவிட அவசரமான வேலை இது.

தடித்த அட்டை போட்டு பைண்ட் செய்த, பக்க எண் அச்சிட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். கழற்றி மாட்டும் ஃபைல் கூடாது. தாள் காணாமல் போனால் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு வரியிலும் இவை வரவேண்டும்: பதிவு எண், பொருளின் பெயர், எதனால் ஆனது, நீளம் அகலம் கனம் மில்லிமீட்டரில், எடை, கிடைத்த ஊரும் வட்டமும், முடிந்தால் எந்த வயல் எந்த ஓடை என்பது, வந்த வழி (அன்பளிப்பா, களப்பயணத்தில் நிலத்தின் மேலே கிடந்து எடுத்ததா), இப்போதைய நிலை, வைத்திருக்கும் அலமாரி. தப்பாக எழுதிவிட்டால் ஒரே கோட்டில் அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள். ஒயிட்னர் தடவக் கூடாது. இடம் தெரியாத பொருளுக்கு ‘இடம் தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். ‘ஏற்காடாக இருக்கலாம்’ என்று இன்று எழுதினால், பத்து வருடம் கழித்து ஒரு மாணவர் அதை ஆய்வேட்டில் ‘ஏற்காடு’ என்றே எழுதிவிடுவார்.

எண் முறை எளிதாக இருக்கட்டும். பதிவுசெய்யும் ஆண்டு, ஒரு புள்ளி, வரிசை எண்: 2025.1, 2025.2 என்று போய்க்கொண்டே இருக்கலாம். ‘க-1’, ‘நா-1’ என்று வகை பிரிக்கத் தொடங்கினால் எந்த வகை என்றே தெரியாத பொருள் வரும்போது சிக்கல்.

எண்ணைப் பொருள்மேல் எழுதுவதில்தான் பலரும் கெடுத்துவிடுகிறார்கள். ஸ்டிக்கர் ஒட்டினால் பசை கறையாகும். அந்தப் பசைக்கே வெள்ளிமீன் பூச்சி வரும். கொஞ்ச நாளில் ஸ்டிக்கர் உதிர்ந்து பொருள் அநாதையாகும். நகப்பாலிஷ் மஞ்சளாகி உரியும். கல்லுக்கும் பானையோட்டுக்கும் சரியான வழி பாரலாய்டு பி-72 என்னும் பிசின். 15 கிராம் குருணையை மெல்லிய துணியில் பொட்டலமாகக் கட்டி, மூடியுள்ள கண்ணாடிக் குடுவையில் அசிட்டோனுக்குள் தொங்கவிட்டு, மொத்தம் 100 மில்லி வருமாறு இரவு முழுக்கக் கரையவிடுங்கள். அடியில் கொட்டினால் கட்டியாகி ஒட்டிக்கொள்ளும். பார்வையாளர் கண்ணில் படாத பக்கத்தில், 2 செ.மீ.க்கு 1 செ.மீ. அளவில் ஒரு பூச்சு. 20 நிமிடம் காய்ந்த பிறகு அதன்மேல் இந்தியன் இங்க்கால் எண். அது காய்ந்ததும் மேலே இன்னொரு பூச்சு. நாளைக்கு அழிக்க வேண்டுமென்றால் அசிட்டோன் தொட்ட பஞ்சு போதும், கல்லுக்கு ஒன்றும் ஆகாது. வேதியியல் துறையில் கேட்டால் அசிட்டோன் கிடைக்கும். ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. பானையோட்டின் உடைந்த விளிம்பில் மட்டும் எழுதாதீர்கள். பிறகு இரண்டு ஓடுகளைப் பொருத்திப் பார்க்க அந்த விளிம்புதான் வேண்டும்.

காசு, ஓலை, துணி, மரம் எதிலும் இப்படி எழுதக் கூடாது. காசுக்குத் தனித்தனி உறை, உறைமேல் எண். துணிக்கு எண் எழுதிய பருத்தி நாடாவை ஓரத்தில் இரண்டு தையலில் பிடியுங்கள். சுவடிக்கட்டுக்கு நூலில் கட்டிய அட்டை.

செப்புக் காசுகளைப் புளி போட்டுத் துலக்குவது வேண்டவே வேண்டாம். மேலே படிந்திருக்கும் கரும்பச்சைப் படலம் காசைக் காக்கிறது. எழுத்தும் உருவமும் பல நேரம் அந்தப் படலத்தில்தான் நிற்கின்றன. ஆனால் வெளிர்பச்சை நிறத்தில் மாவு மாதிரி உதிரும் புள்ளி தெரிந்தால் அது நோய். உள்ளே குளோரைடு உப்பு இருக்கிறது. காற்றின் ஈரத்தைக் குடித்து உலோகத்தைத் தின்னும். அந்தக் காசை மட்டும் பிரித்து, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போடுங்கள். ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே நின்றால் நோய் பரவாது. ஆரஞ்சு நிற ஜெல் நிறம் மாறினால் ஆய்வக அவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து எடுத்தால் திரும்ப வேலை செய்யும்.

ஒவ்வொரு பொருளையும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, படத்துக்கும் அதே பதிவு எண்ணையே பெயராகக் கொடுங்கள். எண்போட, அளக்க, எழுத, படமெடுக்க ஒரு பொருளுக்கு 20 நிமிடமாவது பிடிக்கும். அந்தக் கணக்கில் 150 பொருளுக்கு 50 மணி நேரம் ஆகும். இரண்டு மாணவர் தினம் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று வாரத்தில் முடியும்.

அதன் பிறகு பேழை. 150 பொருளையும் அடுக்க வேண்டாம், 20 அல்லது 25 போதும். பிளைவுட்டும் அதை ஒட்டும் பசையும் மாதக்கணக்கில் அமில ஆவி விடும். மூடிய பேழைக்குள் அந்த ஆவி ஈயக் காசுகளை வெள்ளைத் தூளாக்கிவிடும். பவுடர் கோட்டிங் செய்த இரும்புச் சட்டமும் கண்ணாடியும் நல்லது. பிளைவுட்டுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால், செய்துவந்த பேழையைக் குறைந்தது நான்கு வாரம் திறந்தே வையுங்கள். கஞ்சி போகத் துவைத்த காடாத் துணியை உள்ளே விரியுங்கள். எல்.இ.டி. விளக்கு பேழைக்கு வெளியே இருக்கட்டும்.

விளக்க அட்டைகள் எழுதும் பொறுப்பு மாணவர்களாகிய எங்களிடம் வந்திருக்கிறது. போன வருடம் பக்கம் பக்கமாக எழுதினோம். யாரும் நின்று படிக்கவில்லை.
*முதுகலை மாணவி, சேலம்*

பார்வையாளர் ஒரு பொருளின் முன் நிற்கும் நேரம் மிகக் குறைவு. அட்டை 50, 60 சொல்லுக்குள் முடியவேண்டும். அதோடு, அட்டையைப் படித்தவர் கண் திரும்பவும் பொருளுக்குப் போகவேண்டும். போகவில்லையென்றால் அந்த அட்டை புத்தகத்துக்கு ஏற்றது, பேழைக்கு ஆகாது.

‘கற்கோடரி. புதிய கற்காலம். சேர்வராயன் மலை. பதிவு எண் 2025.14.’ இப்படித்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். இதிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

‘கூர்முனையைப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் அதிகம் தேய்ந்திருக்கிறது. கரிய கல்லை முதலில் உடைத்து, பிறகு கொத்தி, கடைசியில் இன்னொரு கல்லில் தேய்த்து வழவழப்பாக்கியிருக்கிறார்கள். மரப்பிடியில் பொருத்தி வெட்டப் பயன்பட்டது. சுமார் 3,000 முதல் 5,000 ஆண்டுப் பழமை. சேர்வராயன் மலையில் இப்படிப்பட்ட கற்களைப் பிள்ளையார் முன் வைத்துக் கும்பிடுவதும் உண்டு.’

முதல் வாக்கியமே பார்ப்பவரைக் குனியவைக்கிறது. உங்கள் கையில் இருக்கும் கோடரியில் தேய்மானம் வேறு இடத்தில் இருந்தால் அதை எழுதுங்கள். இந்த வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

அச்சு பற்றி: உடல் எழுத்து 24 புள்ளி, தலைப்பு 36. தமிழ் எழுத்தில் மேலே கொம்பும் கீழே சுழியும் வருவதால் வரிகளுக்கிடையே ஒன்றரை மடங்கு இடைவெளி விடுங்கள். ஆங்கில அட்டைக்கு விடும் இடைவெளி விட்டால் ‘கூ’வின் வாலும் அடுத்த வரி ‘கி’யின் கொம்பும் முட்டும். மங்கலான வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. லேமினேஷன் செய்தால் விளக்கு வெளிச்சம் பளிச்சென்று அடித்து எழுத்து மறையும். சுவரில் மாட்டும் அட்டையின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 செ.மீ. இருக்கட்டும். குழந்தைகளும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் பார்க்க, பேழையின் தளம் 80 செ.மீ.க்கு மேல் போகவேண்டாம். பேழைகளுக்கு நடுவே 120 செ.மீ. வழி விடுங்கள்.

அச்சுக்குக் கொடுக்குமுன் உங்கள் துறையைச் சேராத இருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். கல்லூரி வாட்ச்மேனுக்குப் புரிந்தால் எல்லாருக்கும் புரியும்.

ஏற்காட்டில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பழைய எஸ்டேட் பங்களா இருக்கிறது. கருங்கல் சுவர், மரத்தரை, பழைய தேக்குச் சாமான்கள், கையால் சுற்றும் காப்பி பல்பர் (பழத்தோலை உரிக்கும் இயந்திரம்), நிறைய போட்டோக்கள். முன்பக்கம் இரண்டு அறைகளைப் பார்வையாளருக்குத் திறந்துவிட நினைக்கிறோம். மழைக்காலத்தில் எல்லாவற்றிலும் பூஞ்சணம் பிடிக்கிறது. என்ன செய்யலாம்?
*காப்பித் தோட்டக்காரர், ஏற்காடு*

நல்ல எண்ணம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன் காப்பியை இந்த மலைக்குக் கொண்டுவந்த காலம் தொடங்கி எழுந்த தோட்ட வீடுகளில், உள்ளே நுழைந்து பார்க்கக் கூடியவை மிகக் குறைவு.

பூஞ்சணத்தை மருந்தால் விரட்ட முடியாது. ஈரத்தைக் குறைத்தால் தானே நின்றுவிடும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டிச் சில நாள் நின்றால் பூஞ்சணம் முளைக்கும். சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் ஈரப்பதமானி கிடைக்கிறது. அறைக்கு ஒன்று, வாசலுக்கு வெளியே ஒன்று வாங்கி, காலை மாலை இரண்டு வேளையும் குறித்துவாருங்கள். ‘காற்றோட்டம் வேண்டும்’ என்று மூடுபனி நாளிலும் ஜன்னலைத் திறந்துவைப்பதுதான் ஏற்காட்டில் பலரும் செய்யும் தப்பு. மூடுபனி வீட்டுக்குள் வந்தால் ஈரம்தான் வந்து சேரும். வெயில் வந்து, வெளியே உள்ளதைவிட உள்ளே ஈரம் அதிகமாக இருக்கும் நேரத்தில் மட்டும் திறவுங்கள்.

அடுத்தது சுவர். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவர் தரை ஈரத்தை உறிஞ்சும், வெளியே விட்டு உலரும். பிற்காலத்தில் யாராவது அதன்மேல் சிமென்ட் பூசி, பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்திருந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறி, உப்புப் பூத்து, பெயிண்ட் கொப்பளிக்கும். அதன்மேல் மறுபடி வாட்டர்புரூஃப் அடித்தால் இன்னும் ஒரு முழம் மேலே போய்க் கொப்பளிக்கும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள், அந்தச் சிமென்டைப் பொறுமையாகத் தட்டி எடுத்துவிட்டு, ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு கலந்து மெல்லிய அடுக்குகளாகப் பூசி, மேலே சுண்ணாம்பே அடிக்கச் சொல்லுங்கள். கூரையோரத் தகரக் கால்வாயில் சில்வர் ஓக் சருகு அடைத்துக்கொண்டு சுவரில் தண்ணீர் வழிவதும் பெரிய காரணம். ஜூன் தொடங்குமுன் ஒருமுறை, அக்டோபரில் ஒருமுறை ஏணி போட்டு அள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஈரம் 65க்குக் கீழே வரவில்லையென்றால் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வையுங்கள், 55இல் நிறுத்துங்கள். கம்ப்ரசர் வகை இயந்திரம் குளிரில் சரியாக வேலை செய்யாது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் அறை 15 டிகிரிக்குக் கீழே போனால் உள்ளே சுருளில் பனிக்கட்டி கட்டிக்கொள்ளும். ஏற்காட்டுக்கு டெசிக்கன்ட் வகை, அதாவது ஈரம் உறிஞ்சும் பொருளை உள்ளே வைத்த வகை, பொருத்தம். கணப்பு மூட்டி உலர்த்தலாம் என்று எண்ணாதீர்கள். புகைக்கரி படியும், பகலில் உலர்ந்து இரவில் ஈரமாகி மரம் வெடிக்கும்.

ஏற்கெனவே பிடித்த பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைத்தால் அது மரத்துக்குள் தேய்ந்து இறங்கும். மழையில்லாத நாளில் சாமானை வெளியே நிழலில் வைத்து, நன்றாக உலர்ந்து தூளான பிறகு, முகக்கவசம் போட்டுக்கொண்டு மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். சாமான்களைச் சுவரிலிருந்து நாலு விரல்கடையாவது தள்ளிப்போடுங்கள். நாற்காலிக்குக் கீழே மஞ்சள் பொடி மாதிரி சிறு குவியல் தெரிந்தால் உளு வேலை செய்கிறது. பொடியைத் துடைத்துவிட்டு வெள்ளைத் தாள் விரித்து வையுங்கள். ஒரு வாரத்தில் திரும்ப விழுந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. அந்தச் சாமானை உடனே தனியே பிரித்துவிடுங்கள். பழைய தேக்குக்கு வார்னிஷ் போடாதீர்கள். மெலிதாகத் தேன்மெழுகு தடவி, துணியால் தேய்த்துவிட்டால் போதும்.

போட்டோக்களில் அசலைச் சுவரில் மாட்டவே வேண்டாம். நல்ல ஸ்கேன் எடுத்து நகலை மாட்டுங்கள்; அசல் உலர்ந்த உள்ளறையில் பெட்டியில் இருக்கட்டும். ஈரச் சுவரில் மாட்டிய அசல் போட்டோ சட்டத்தின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. ஒட்டியதைத் தயவுசெய்து உரிக்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிடுங்கள். பல்பரைச் சுற்றிக் காட்ட ஆசை வரும். பல் சக்கரம் தேய்ந்திருக்கும், குழந்தை விரல் மாட்டும். அசல் நிற்கட்டும், பழம் உரிவதைச் சிறு வீடியோவாகக் காட்டுங்கள்.

பார்வையாளர் ஏற்பாடு. மரத்தரை எவ்வளவு பேரைத் தாங்கும் என்று பொறியாளரிடம் கீழ் உத்தரங்களைக் காட்டிக் கேளுங்கள். அதுவரை ஒரு தடவைக்கு எட்டுப் பேர். குதிகால் செருப்பு மரத்தில் குழி விழவைக்கும், ஆகவே செருப்பை வாசலிலேயே விடச்சொல்லுங்கள். நம் ஆட்களுக்கு இது சொல்லாமலே வரும். ஆனால் மழைநாளில் ஈரக்கால் நேரே மரத்தில் படும். மூன்று மீட்டர் நீளத்துக்குத் தேங்காய்நார் மிதியடி போடுங்கள். உட்காரக் கூடாத நாற்காலியின் இரு கைகளுக்கும் குறுக்கே ஒரு நாடா கட்டினால் போதும். அறிவிப்புப் பலகையைவிட அது நன்றாகப் பேசும். உலர்ந்த பூங்கொத்து வைக்கும் பழக்கம் வேண்டாம், பூச்சி அதோடுதான் உள்ளே வரும். மின் ஒயரிங்கைத் திறக்கும் முன் முழுமையாகச் சோதிக்கச் சொல்லுங்கள். மே மாதக் கோடை விழா நாட்களில் கூட்டம் தாங்காது. அரை மணிக்கு ஒரு குழு என்று நேரம் போட்ட சீட்டுக் கொடுங்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறிவரும் குழந்தைகளுக்கு முதலில் வேண்டியது கழிவறையும் தண்ணீரும். அதை எங்கே என்று வாசலிலேயே எழுதிவையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் பங்களாச் சாமான்களைக் கண்காட்சிக்காகச் சேலத்துக் கல்லூரிகள் இரவல் கேட்கக்கூடும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஈரக்காற்றில் இருக்கிறது. 30 கிலோமீட்டர் கீழே சேலத்தில் உலர்ந்த வெக்கை. ஈரத்துக்குப் பழகிய பழைய மரப்பெட்டி அங்கே ஒரே வாரத்தில் விரிசல் விடலாம், யானைத்தந்தம் பதித்த வேலைப்பாடு கழன்று வரலாம். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் போர்வை சுற்றிக் கட்டிய பெட்டியில் அனுப்பி, கீழே போனதும் ஒரு நாள் முழுக்கப் பிரிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். மின்விசிறிக்குக் கீழே வேண்டாம் என்றும் சொல்லுங்கள். கோடையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

தாத்தா காலத்துச் சித்த மருத்துவச் சுவடிகள் மூன்று கட்டு வீட்டில் இருக்கின்றன. எண்ணெய் தடவினால் போதுமா?
*வாசகர், ஆத்தூர்*

போதாது. தூசியின்மேல் எண்ணெய் தடவினால் சேறுதான் மிஞ்சும். முதலில் மென்மையான உலர்ந்த பிரஷ்ஷால் ஒவ்வொரு ஏட்டையும் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டுங்கள். தட்டும்போதே வரிசை மாறாமல் இரு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். வெளிச்சம் இரு புறமும் சாய்வாக விழவேண்டும்; ஃபிளாஷ் நேரே அடித்தால் கீறல் எழுத்து காணாமல் போகும். ஏட்டின் ஓரத்தில் எழுதியுள்ள தமிழ் எண் படத்தில் விழுகிறதா என்று பாருங்கள், பின்னால் வரிசைப்படுத்த அதுதான் துணை.

ஓலை விறைத்து வளையாமல் இருந்தால் புல்தைலத்தை, அதாவது லெமன்கிராஸ் எண்ணெயை, பஞ்சில் தொட்டுப் பிழிந்து மெலிதாகத் தடவி, நிழலில் உலரவிடுங்கள். பூச்சியையும் அது அண்டவிடாது. சமையல் எண்ணெய் எதுவும் கூடாது; பிசுக்காகித் தூசியை இழுக்கும், எறும்பும் வரும். எழுத்து மையால் எழுதப்பட்டிருந்தாலோ வண்ணப்படம் இருந்தாலோ எந்தத் தைலமும் வேண்டாம். எழுத்தாணிக் கீறலா, மையா என்பதில் சந்தேகம் இருந்தாலும் தொடாதீர்கள்.

ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட இடத்தில் கத்தி விடாதீர்கள், தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். அந்தக் கட்டை அப்படியே தனியே எடுத்துவையுங்கள். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஓலைச்சுவடித் துறை, சரசுவதி மகால் நூலகம் ஆகிய இடங்களில் இதற்கென்று பழகிய கைகள் இருக்கின்றன. மேலும் கீழும் மரச்சட்டம் வைத்து, நூலை இறுக்காமல் கட்டி, துவைத்த பருத்தித் துணியில் சுற்றுங்கள். வசம்புத் துண்டைத் துணிமுடிச்சில் பக்கத்தில் வைக்கலாம். ஏட்டின்மேல் நேரே படவேண்டாம். அந்துருண்டை தேவையில்லை, உங்கள் நுரையீரலுக்கும் அது கெடுதல்.

சுவடியை எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தாலும், யாருடைய சுவடி, எந்த ஊர், உங்கள் தாத்தா யாரிடம் கற்றார் என்பதை ஒரு தாளில் எழுதிச் சேர்த்தே கொடுங்கள்.

எங்கள் வயலில் உழும்போது வாளோடு நிற்கும் வீரன் உருவம் செதுக்கிய கல் வெளிப்பட்டது. எழுத்தும் இருக்கிறது. கழுவிச் சந்தனம் வைத்து நிறுத்தியிருக்கிறோம். அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டுபோய்விடுமோ?
*விவசாயி, ஓமலூர் வட்டம்*

அது நடுகல்லாக இருக்கும். உங்கள் பகுதிக்கும் தருமபுரிக்கும் அது பெருமை சேர்க்கும் செல்வம். கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள், நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மண்ணில் புதைந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டமே சொல்கிறது. சொல்லாமல் மறைத்தால்தான் தொல்லை. மற்றபடி ஊர் கும்பிட்டுவரும் பல நடுகற்கள் இன்றும் கிடைத்த இடத்திலேயே நிற்கின்றன.

எண்ணெய், பெயிண்ட், சிமென்ட் மட்டும் வேண்டாம். எண்ணெய் பட்ட கல்லில் தூசி ஏறி எழுத்தின் பள்ளம் அடைந்துவிடும். மாலையும் சந்தனமும் எழுத்தில்லாத இடத்தில் இருக்கட்டும். எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ் தேய்ப்பதும் மாவு தடவுவதும் கல்லைக் கெடுக்கும். இருட்டிய பிறகு ஒருவர் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், கல்லோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடிக்க, இன்னொருவர் நேரே நின்று படமெடுத்தால் பகலில் தெரியாத எழுத்தெல்லாம் எழுந்து நிற்கும். இடம், வலம், மேல் என மூன்று பக்க வெளிச்சத்திலும் எடுங்கள். கல் கிடந்த குழியையும் ஒரு படம்.

எட்டாம் வகுப்பு மாணவர்கள் 40 பேரை அருங்காட்சியகம் அழைத்துப்போக வேண்டும். சேலம் பக்கம் இதற்கு ஏற்ற இடம் எது, எப்படித் திட்டமிடுவது?
*ஆசிரியை, சேலம்*

சேலத்திலேயே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. மாவட்ட அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. இதைப் பார்க்காமல் வெள்ளியன்று பஸ்ஸோடு போய் நிற்கும் பள்ளிகள் உண்டு. காப்பாட்சியருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். 40 பேரைப் பத்துப் பேராக நான்காகப் பிரித்து, நான்கு வேறு இடத்தில் தொடங்கவையுங்கள். ஒவ்வொருவரும் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்து வரையட்டும். பென்சில் மட்டும், பேனா உள்ளே வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் கவனம் போய்விடும்.

இன்னொரு நாள் கிடைத்தால் ஏற்காடு கூட்டிப்போங்கள். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்தியத் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கிவைத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் பிற்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தவர். 1912இல் காலமான அவருக்கு அங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் நினைவிடம் இருக்கிறது. தமிழறிஞரான அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவலும் ஏற்காட்டில் காலமானவர்தான். ஃபூட் சேகரித்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. எந்த ஊரில் எடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் அவர் குறித்துவைத்ததால்தான் நூறாண்டு தாண்டியும் அவை ஆய்வுக்குப் பயன்படுகின்றன. தேவாலயத்தில் ஆராதனை நேரம் தவிர்த்து, முன் அனுமதி பெற்றுப் போங்கள். மலைப்பாதையின் இருபுறமும் தெரியும் கருநீலப் பாறை சார்னக்கைட். பல்லாவரத்துக் குன்றுகளும் அதே இனம். குழந்தைகளுக்கு அதையும் காட்டுங்கள்.

பாட்டியின் 70 வருடத்து வெண்பட்டுப் புடவையைக் கண்காட்சிக்குக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
*நெசவாளர் குடும்பத்து வாசகி, அம்மாப்பேட்டை*

மூன்று நிபந்தனை போட்டுக் கொடுங்கள். வெளிச்சம் 50 லக்ஸுக்குள் இருக்கவேண்டும். கைபேசி செயலியில் ஓரளவு அளந்து பார்க்கலாம். ஜன்னல் வெயில் படவே கூடாது. மூன்று மாதத்துக்கு மேல் காட்சியில் இருக்கக் கூடாது. பட்டு வெளிச்சத்தில் முதலில் மஞ்சளாகும், பிறகு தொட்டால் பொடியும். போன நிறம் திரும்பாது. ஆணியில் மாட்டவோ பின் குத்தவோ விடாதீர்கள். சாய்வான பலகையில் காடாத் துணி விரித்து அதன்மேல் பரப்பச் சொல்லுங்கள்.

வீட்டில் வைக்கும்போது மடிக்காமல் உருளையில் சுருட்டுவது நல்லது. அட்டைக் குழலை நேரே பயன்படுத்தாமல் மேலே துவைத்த பருத்தித் துணி சுற்றுங்கள். சரிகை வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டுங்கள். மடித்துத்தான் வைக்கமுடியும் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. நெய்த தறி, நெய்தவர், வாங்கிய ஆண்டு தெரிந்தால் புடவையோடு எழுதிவையுங்கள்.

மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களின் பழைய நோட்டீஸ்களும் பாட்டுப் புத்தகங்களும் வைத்திருக்கிறேன். ஓரம் உடைகிறது. லேமினேட் செய்துவிடட்டுமா?
*வாசகர், சேலம்*

செய்யாதீர்கள். டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய அந்த ஸ்டுடியோவின் முகப்பு வளைவு மட்டும்தான் ஏற்காடு சாலையில் நிற்கிறது. அதன் நினைவு உங்களிடம் இருப்பதுபோன்ற தாள்களில்தான் மிச்சம். அவை மலிவான மரக்கூழ்த் தாள். உள்ளேயே அமிலம் இருப்பதால் பழுத்து உடைகின்றன. லேமினேஷன் அந்த அமிலத்தை உள்ளே பூட்டிவைக்கும், சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. செல்லோடேப்பும் அப்படியே, பழுப்புக் கறை எழுத்துக்குள் இறங்கும். துருப்பிடித்த பின்களை மட்டும் மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டு, ஒவ்வொன்றையும் பாலியெஸ்டர் உறையில் போட்டு, பக்கத்துக்கொரு வெள்ளைத் தாள் தாங்கலாக வைத்து, படுக்கைவாட்டில் பெட்டியில் அடுக்குங்கள். அமிலமற்ற தாள் கிடைத்தால் அதுவே சிறந்தது. பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். ஸ்கேன் செய்யும்போது அந்தப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள்.